நீர்நாயும் நாயும்

1

எங்கள் வீட்டு நாயின் இனத்தைத் தமிழில் சொல்ல முயலும்போதெல்லாம் ஒரு சங்கடம் ஏற்படுகிறது. ஆங்கிலத்தில் ஆட்டர்ஹவுண்ட். ஆட்டர் என்பது நமக்கு நீர்நாய். ஆக, இது நீர்நாயைத் தேடும் நாய். நாயைத் தேடும் நாய். இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த பிராணிகள். ஆனாலும் தமிழ்ச் சொல் அவற்றைப் பங்காளிகளாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் யோசிக்கும்போது எனக்கு எழாத ஒரு கேள்வி தமிழில் யோசிக்கும்போது எழுந்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி இதுதான்: ஒரு கொலைக்காகவே உருவாக்கப்பட்ட ஒரு திறனை, அந்தக் கொலை கூடாதென்று முடிவாகிச் சட்டமும் வந்துவிட்ட பிறகு, வைத்துக் காப்பாற்றுவது என்ன வகையான காரியம்?

நாய் எங்களிடம் வந்து நான்கு வருஷமாகிறது. வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊருக்குப் பக்கத்தில், கெண்ட் ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறோம். பெட்டை. தோள்வரை இரண்டடி உயரம், நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. மேலே முரட்டு ரோமம். ஆற்றுத் தண்ணீர் தோலை எட்டாமல் தடுக்க, அடியில் எண்ணெய்ப் பசையுள்ள இன்னொரு அடுக்கு. கால் விரல்களுக்கிடையில் சவ்வு. தண்ணீர் குடிக்கும்போது முகத்தை முழுக்கப் பாத்திரத்துக்குள் இறக்கிவிட்டு, தாடியில் பாதித் தண்ணீரைச் சுமந்துகொண்டு கூடமெல்லாம் நடக்கும். குழந்தைகளிடம் அலாதிப் பொறுமை. கூப்பிட்டால் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூக்கு தரையில் இருக்கும்போது என் குரல் அதற்கு எட்டுவதில்லை.

இம்மாதிரி நாய் வைத்திருப்பவர்கள் 'வேலை செய்யும் வீட்டு நாய்' என்று ஒரு தொடரைப் பயன்படுத்துகிறார்கள். கண்காட்சி மேடைக்காக மட்டும் வளர்க்கவில்லை, சோபாவில் படுக்கவைத்துக் கெடுக்கவும் இல்லை, அதன் மூக்குக்கு வேலை கொடுக்கிறோம், அதே சமயம் அது குடும்பத்தில் ஒன்று என்று அர்த்தம். நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த வேலை என்று கேட்டுக்கொண்டதும் அந்தத் தொடர் நிற்பதில்லை. அதன் வேலை தடைசெய்யப்பட்டுவிட்டது. நாங்கள் கொடுப்பது வேறொரு வேலை.

2

நம் பக்கத்து வேட்டை நாய்கள் கண்ணை நம்புபவை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைப் பார்த்த பிறகுதான் பாய்கின்றன; ஓட்டம் சில நிமிஷங்களில் இரண்டில் ஒன்றாக முடிந்துவிடுகிறது. மோப்ப வேட்டை நாய் இதற்கு நேர் எதிர். அது பின்தொடர்வது இப்போது அங்கே இல்லாத ஒன்றை. இரவில் நீர்நாய் ஆற்றோரமாக வந்து போன தடத்தைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பனியும் ஈரமும் கலைத்த பிறகு எடுத்துக்கொண்டு, கரையிலும் தண்ணீரிலும் மைல் கணக்கில் போக வேண்டும். ஆட்டர்ஹவுண்ட் இதற்காகவே பல நூற்றாண்டுகள் பொறுக்கியெடுத்துச் செய்யப்பட்ட நாய்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஜான் மன்னர் காலத்திலிருந்தே, அரசர்கள் நீர்நாய் வேட்டைக்கென நாய்க்கூட்டம் வைத்திருந்ததற்குக் குறிப்புகள் உண்டு. மீன்குளங்களைக் காப்பது முதல் காரணம். பிறகு காரணம் தேவைப்படாத கேளிக்கையாயிற்று. நரி வேட்டை இல்லாத கோடை மாதங்களில் கனவான்களும் சீமாட்டிகளும் அதிகாலையில் ஆற்றங்கரைக்கு வருவார்கள். நாய்கள் தடம் எடுத்து, நீர்நாய் பகலில் ஒதுங்கியிருக்கும் வளையைக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்கும். வெளியே துரத்தப்பட்ட நீர்நாய் தண்ணீருக்கடியில் நீந்திப் போகும். அதன் மூச்சுக் குமிழ்கள் சரமாக மேலே வருவதை நாய்களும் மனிதர்களும் தொடர்வார்கள். ஆழமில்லாத இடங்களில் ஆட்கள் காலோடு கால் சேர்த்து நின்று தப்பும் வழியை அடைப்பார்கள். மணிக்கணக்கில் நடக்கும் இது. கடைசியில் களைத்துப்போன நீர்நாயை நாய்கள் கிழித்துப்போடும்.

முந்தைய காலங்களில் ஈட்டியும் பயன்பட்டது. லாண்ட்ஸீர் 1844இல் வரைந்த ஓவியம் ஒன்று நியூகாஸிலில் லேயிங் கலைக்கூடத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. வேட்டைக்காரன் ஈட்டி முனையில் நீர்நாயைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருக்கிறான். அது இன்னும் சாகவில்லை, ஈட்டியைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கிறது. கீழே நாய்கள் வாயைத் திறந்து மேலே பார்க்கின்றன. அந்த நாய்களின் முகங்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ரொட்டித் துண்டுக்காக மேலே பார்க்கிற முகம் அதுதான்.

1950களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் திடீரென்று குறைந்தன. வேட்டையால் அல்ல. விதை நேர்த்திக்கும், செம்மறியாடுகளை முக்கி எடுக்கும் மருந்துக்கும் பயன்பட்ட டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள் ஆற்றில் இறங்கி, மீனில் ஏறி, நீர்நாயில் சேர்ந்தன. இது எப்படித் தெரிந்தது என்பதுதான் என்னை வெகுநாள் தொந்தரவு செய்த விஷயம். 1978இல் சானின், ஜெஃப்ரீஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, குறைவு எப்போது ஆரம்பித்தது என்பதை நிர்ணயித்தது. அவர்கள் நம்பிய சான்று வேட்டைக் கூட்டங்களின் பதிவேடுகள். எந்த நாள் எந்த ஆற்றில் இறங்கினார்கள், எத்தனை நீர்நாய் தட்டுப்பட்டது என்று வருஷக்கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த எண்ணிக்கை பல இடங்களில் 1957ஐ ஒட்டி ஒரே சமயத்தில் சரிகிறது. அழிவை முதலில் அறிந்த கருவி நாய்களின் மூக்கு. நீர்நாயைக் கொன்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இலக்கியத்திலும் இதே முடிச்சுதான் விழுந்திருக்கிறது. 1927இல் வந்த 'தார்க்கா' நாவல் முழுக்க நீர்நாயின் பக்கம் நிற்கிறது. அதை எழுதிய ஹென்றி வில்லியம்ஸன் வேட்டைக் கூட்டத்தோடு நடந்து போனவர். ஆற்றையும் பிராணியையும் பற்றிய அறிவில் ஒரு பங்கு அவருக்கு அங்கிருந்து கிடைத்தது. அன்பு ஒரு பக்கமும் அறிவு இன்னொரு பக்கமும் இருந்திருந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. அப்படி இல்லை.

1978 ஜனவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்நாயைக் கொல்வது சட்டவிரோதமாயிற்று. சில கூட்டங்கள் மிங்க் என்ற அமெரிக்கப் பிராணியை வேட்டையாடத் திரும்பின. 2004இல் இயற்றப்பட்டு மறு வருஷம் அமலுக்கு வந்த சட்டத்தோடு அதுவும் முடிந்தது. மருந்துகள் விலக்கப்பட்டு ஆறுகள் தேறியபின் நீர்நாய்கள் மெல்லத் திரும்பின. இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் அவை இருப்பதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில் நாய் அருகிப்போயிற்று. உலகம் முழுக்க இன்று ஆயிரத்துக்கும் குறைவான ஆட்டர்ஹவுண்ட்களே இருக்கின்றன. இங்குள்ள கென்னல் கிளப் அழியும் நிலையிலுள்ள சொந்த நாட்டு இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. வேட்டையாடப்பட்டது திரும்பிவிட்டது, வேட்டையாடியது போய்க்கொண்டிருக்கிறது.

3

போன நவம்பரில் ஒரு காலை, ஆற்றோரமாக நானும் நாயும் போய்க்கொண்டிருந்தோம். ஐந்து மீட்டர் நீளக் கயிற்றில் அது முன்னால் போயிற்று. பாலத்துக்குக் கீழே ஒரு கல். அதன்மேல் கறுப்பாக, விரல் நீளம்கூட இல்லாத எச்சம். மீன் முட்கள் தெரிந்தன. நீர்நாயின் எச்சத்தில் மல்லிகைத் தேநீரின் மணம் இருப்பதாக இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். குனிந்து முகர்ந்து பார்த்தேன். மீனும் உலர்ந்த புல்லும் கலந்த ஒரு வாசனை, வெறுக்கும்படியாக இல்லை. நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் தமிழில் நல்ல மணத்தையும் குறித்தது, பிறகுதான் கெட்டுப்போயிற்று. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் வரும் நீர்நாய் தன் புலால் நாற்றத்தோடேயே வருகிறது. அந்தப் புலவரும் இப்படி ஒரு கரையில் குனிந்திருக்க வேண்டும்.

நாய் கல்லருகில் அசையாமல் நின்றது. வால் மட்டும் மெல்ல ஆடியது. பிறகு தலையைத் தூக்கிக் குரல் கொடுத்தது.

வீட்டில் அது குரைப்பதுண்டு, தபால்காரரைக் கண்டு, இடியைக் கேட்டு. இது அதுவல்ல. அடிவயிற்றிலிருந்து எழுந்து நீண்டு, பாலத்து வளைவில் மோதித் திரும்பிய குரல். நான்கு வருஷத்தில் ஒருமுறையும் நான் கேட்டிராதது. அதன் தாய் நீர்நாயைப் பார்த்ததில்லை, தாயின் தாயும் பார்த்திருக்காது. சட்டம் வந்து பத்துத் தலைமுறைகளுக்கும் மேல் ஆகியிருக்கும். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என்னைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கியது. கயிறு என் கையை அறுத்தது. மார்பளவு தண்ணீரில், நீரின் மேற்பரப்பில் மூக்கை வைத்து, எனக்கு வெறும் ஆறாகத் தெரிந்ததில் ஒரு பாதையில் அது நீந்திற்று. எதிர்க்கரையில் வேர்கள் தொங்கும் ஓர் இடத்தை நோக்கி அது போவது புரிந்தது.

இழுத்துப் பிடித்தேன். கரைக்குக் கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று. சட்டம் ஒரு காரணம். வளையிலிருக்கும் நீர்நாயைத் தொந்தரவு செய்வதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இழுத்திருப்பேன். ஆனால் இழுத்துக்கொண்டிருந்தபோது எனக்குள் இருந்தது நியாய உணர்வு மட்டுமல்ல. அந்தக் குரலைக் கேட்ட கணத்தில் எனக்கு ஏற்பட்டது பரவசம் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஒரு பிராணி முழுதாகத் தானாக இருப்பதை நான் பார்த்தது அன்றுதான். அப்படி அது இருந்த அந்த ஒரே சமயத்தில் நான் செய்த காரியம் அதைத் தடுத்தது.

4

இதற்குப் பிறகு சில சமாதானங்களைப் பரிசீலித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் சமாதானம், இனம் அருகிவருகிறது, ஆகவே காப்பாற்ற வேண்டும் என்பது. தமிழில் அருமை என்ற சொல் கிடைத்தற்கரியதையும் விலைமதிப்புள்ளதையும் சேர்த்தே குறிக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குறைவாக இருப்பது ஒரு நிலைமை, அதுவே தகுதியாகிவிடாது. முன்னூறு பேர் படிக்கும் பத்திரிகையில் இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. எண்ணிக்கையின் குறைவையே தரத்துக்கு அத்தாட்சியாகக் காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல கவிதை சிலருக்குத்தான் போய்ச் சேர்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். சிலருக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்பதால் கவிதை நல்லதாகாது. ஆட்டர்ஹவுண்ட் லட்சக்கணக்கில் இருந்தாலும் அதை வளர்ப்பது சரியா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது, நாயின் திறன் தேடுவதோடு முடிந்தது, கொலை மனிதனுடையது என்பது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கடைசியில் கடித்துக் கிழித்தது நாய். எந்த நாய் விடாமல் போய்ப் பிடித்ததோ அதற்குத்தான் குட்டி போட வாய்ப்புத் தரப்பட்டது. மூக்கையும் பல்லையும் தனித்தனியே யாரும் வளர்க்கவில்லை. நாய்க்குக் குற்றமில்லை என்பது சரி, குற்றம் என்ற தளமே அதற்கு இல்லை. அதனால் திறன் கறைபடாததாக ஆகிவிடவில்லை. கறை இருக்கிறது; அதைச் சுமக்க வேண்டியது அதை வைத்திருக்கிறவன்.

மூன்றாவது சமாதானம்தான் என்னை அதிகம் மயக்கியது. காட்டுப் பிராணிகளின் எச்சத்தைக் கண்டுபிடிக்க நாய்களைப் பழக்கிக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். நீர்நாய்க்கும் இப்படிச் செய்வதுண்டு. அப்படியானால் ஆட்டர்ஹவுண்டையே நீர்நாயின் காவலுக்கு அமர்த்தலாமே? பதிவேடுகளில் தற்செயலாக நடந்ததைத் தெரிந்தே செய்வதுதானே? ஒரு வாரம் இந்த யோசனையோடு சந்தோஷமாக இருந்தேன். பிறகு அந்தச் சந்தோஷம் யாருடையது என்று பார்த்தேன். பாவம் செய்தவன் வாரிசு பரிகாரம் செய்கிறான் என்ற கதை நமக்கு எப்போதும் பிடிக்கும். நீர்நாய்க்கு அதில் ஒன்றுமில்லை. வளை வாசலில் நின்று ஆறு முழுக்க எதிரொலிக்கும்படி குரல் கொடுக்கிற நாற்பது கிலோ நாய் அதற்கு உதவியாளர் அல்ல. அந்த வேலைக்கு வாய் திறக்காத சிறிய நாய்கள் போதும். கதையின் அழகுக்காக ஆற்றைக் கலக்க எனக்கு உரிமை இல்லை.

மிஞ்சுவது நாங்கள் கொடுக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் மனிதத் தடம் பிடிக்கிறது. யாராவது ஒருவர், பெரும்பாலும் என் மகள், தன் காலுறையை என்னிடம் கொடுத்துவிட்டு வயல்கள் வழியாகப் போய் ஒளிந்துகொள்வாள். அரை மணி நேரம் கழித்து நாய்க்கு மார்வார் கட்டிக் காலுறையை முகரக் கொடுப்பேன். ஆட்டு மந்தைகள் குறுக்கே போயிருந்தாலும், மழை தூறினாலும், அது போய்ச் சேர்ந்துவிடும். கற்சுவரின் மறைவில் மகள் பாலாடைக்கட்டித் துண்டோடு உட்கார்ந்திருப்பாள். தொலைந்துபோகாதவர்களைத் தொலைந்தவர்களாக நடிக்கவைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு அவ்வப்போது வரும். பொருள் போன பிறகும் எதுகை மோனையைப் பழகுகிறவர்களைப் பற்றி நாம் எழுதியிருப்பதெல்லாம் நினைவுக்கு வரும்.

ஆனால் ஒன்றை வேறுபடுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாய் நடிக்கவில்லை. தடம் நிஜம், காற்று நிஜம், இரண்டு தடங்கள் பிரியும் இடத்தில் அதற்கு ஏற்படும் தயக்கம் நிஜம். மகளைக் கண்டதும் அது அவள் மடியில் தலையை வைக்கும். பிறகு அவளுக்கு எதுவும் ஆவதில்லை. தேடலின் முழு உழைப்பும் நடந்து, முடிவில் தேடப்பட்ட உயிர் எழுந்து வீட்டுக்கு நடந்து வருகிறது. இது ஆற்றில் கேட்ட குரலுக்கு ஈடாகாது. அந்தக் குரல் வயலில் ஒருநாளும் வந்ததில்லை. ஒன்றைக் குறைத்துத்தான் நாங்கள் அதற்குக் கொடுக்கிறோம். குறைத்ததைக் குறைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளாமல் கொடுப்பது ஒன்றே இங்கு சாத்தியமான நேர்மை என்று எனக்குப் படுகிறது.

அன்று இரவு அது எப்போதும்போலச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. துயரமென்று நான் நினைத்தது என்னுடையது மட்டும்தானோ என்று சமாதானமானேன். மறுநாளிலிருந்து இரண்டு வாரம், வீட்டைவிட்டு இறங்கியதும் அது பாலத்தின் பக்கமே இழுத்தது. இரண்டையும் பதிவு செய்கிறேன்.

5

இந்த விஷயம் வெறும் சிந்தனையாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். குட்டியைக் கொடுத்த அம்மையார் வசந்தத்தில் கடிதம் எழுதியிருந்தார். நாய்க்கு வயது சரியாக இருக்கிறது, ஒரு ஈற்றாவது எடுக்க வேண்டும் என்று. அவருடைய கேட்பில் நியாயம் இருந்தது. இவ்வளவு சிறிய இனத்தில் ஆரோக்கியமான ஒவ்வொரு பெட்டையும் கணக்கில் வருகிறது. ரத்தம் உறையாமல் போகும் ஒரு பரம்பரை நோய், கிளான்ஸ்மான் நோய் என்பார்கள், இந்த இனத்தில் உண்டு. மரபணுப் பரிசோதனையில் எங்கள் நாய்க்கு அது இல்லை என்று தெரிந்துவிட்டது. இடுப்பு மூட்டும் மோசமில்லை. அப்படிப்பட்ட ஒன்று குட்டி போடாமல் போனால் மிச்சமிருப்பவை இன்னும் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர வேண்டியிருக்கும்.

நான் மறுத்து எழுதினேன். இனம் என்பது வலி அறியாத ஒரு பெயர், என் முன் இருப்பது வலி அறிந்த ஒரு பிராணி, பெயருக்காக இதன் உடம்பைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை என்று. ஆற்றில் நடந்ததையும் எழுதி, முழுமையாக வாழ அனுமதிக்க முடியாத ஒன்றை ஏன் மேலும் மேலும் பிறக்கவைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். எழுதியபோது மறுக்க முடியாத வாதமாகத்தான் தோன்றியது.

அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார். நீங்கள் ஒரு நாயிடம் அன்பு வைத்திருக்கிறீர்கள், உங்களைப்போல அதன் தாயை வைத்திருந்தவரும் நினைத்திருந்தால் அன்பு வைக்க உங்களுக்கு நாய் இருந்திருக்காது என்று.

இதை வெறும் தர்க்க சாமர்த்தியம் என்று ஒதுக்கப் பார்த்தேன். பிறக்காத ஒன்றுக்கு நஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வரி விடவில்லை. என் மறுப்பின் தூய்மை இன்னொருவரின் சம்மதத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 1978க்குப் பிறகு, வேலை போன நாய்களை வீட்டுக்கு அழைத்துப்போய், அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமலேயே வளர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கறையோடுதான் வாங்கினார்கள். கையில் கறை படாமல் இருப்பதற்காக இதை என்னோடு முடித்துவிடுவது, நான் நினைத்ததுபோல நாயின் மேலுள்ள அக்கறை மட்டுமல்ல. என் மேலுள்ள அக்கறையும் அதில் கலந்திருந்தது. இன்னொன்று: தேடுவதில் அந்தப் பிராணி அடைவதில் முக்கால் பங்கையாவது என்னால் கொடுக்க முடிகிறது. கால் பங்கு குறைகிறது என்பதற்காக முக்கால் பங்கை ஒன்றுமில்லை என்று சொல்வது, அதை அனுபவிக்கும் நாயின் கணக்கல்ல. அது என் கணக்கு.

போன வாரம் ஒரே ஒரு ஈற்றுக்குச் சம்மதம் தெரிவித்து எழுதிவிட்டேன். முடிவு சரியென்று நிரூபித்துவிட்டதாக நினைக்கவில்லை. பிரசவத்தில் நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வாதங்கள் எனக்கு எதற்கும் உதவாது என்பதும் தெரிகிறது.

ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன், அம்மையாரும் ஒப்புக்கொண்டார். குட்டி வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் இங்கே வந்து, தாயின் கயிற்றைத் தாங்களே பிடித்துக்கொண்டு வயல் வழியாக ஒரு தடம் முழுக்கப் போய்வர வேண்டும். ஆற்றுப் பக்கம் போக மாட்டோம். பாலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டி, அங்கே அன்று எவ்வளவு பலமாக இழுத்தது என்று சொல்வேன்.